உறையில் இல்லாத பெயர்கள்



சென்ற இதழில் பி பிளாக் நண்பர் பழைய வால்வு ரேடியோக்களைப் பற்றி எழுதியிருந்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். அதிலிருந்து ஆசிரியர் குழுவினர் லிஃப்டில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "நீங்களும் ஏதாவது பழைய சங்கதி எழுதுங்களேன்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 38 வருடம் வங்கியில் லெட்ஜரும் வவுச்சரும் எழுதிய கை இது. கட்டுரை எழுதிப் பழக்கமில்லை. ஆனால் போன வருடம் நியூஜெர்சியில் மகள் வீட்டில் இருந்தபோது கிடைத்த ஒரு காகித உறை மனதை விட்டுப் போகவே இல்லை. அதைப் பற்றி எழுதுகிறேன். குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு மூதாட்டி காலமாகிவிட்டார். அங்கெல்லாம் அப்படி நேர்ந்தால் பிள்ளைகள் வந்து வேண்டியதை எடுத்துக்கொண்டு, மீதிச் சாமான்களை வீட்டு வாசலிலேயே விலை எழுதி வைத்து விற்றுவிடுகிறார்கள். பேத்தியைக் கூட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போனேன். ஒரு அட்டைப் பெட்டி நிறைய தையல் பேட்டர்ன் உறைகள் இருந்தன. ஒன்று ஒரு டாலர். அதில் ஒன்றை எடுத்தேன். மேலே 'வோக் பாரிஸ் ஒரிஜினல்' என்றும், பாரிஸ் வடிவமைப்பு நிறுவனமான நினா ரிச்சியின் பெயரும் அச்சிட்டிருந்தது. நீளக் கோட்டு அணிந்து, ஒரு கையை இடுப்பில் வைத்து, எங்கோ தூரத்தைப் பார்த்தபடி நிற்கிற ஒரு பெண்ணின் வண்ணப் படம்.

பேத்திக்குப் பதினொரு வயது. "பாட்டி, இந்த ஆன்ட்டி பேரு என்ன?" என்றாள்.

உறையைத் திருப்பிப் பார்த்தேன். வடிவமைத்தவர் பெயர் இருந்தது. பேட்டர்ன் எண், சைஸ், விலை இருந்தன. என்ன துணி, எத்தனை கஜம், எத்தனை பட்டன், எவ்வளவு நீள ஜிப் என்று பொடி எழுத்தில் எல்லாம் இருந்தது. அந்தப் பெண்ணின் பெயர் மட்டும் இல்லை. அன்று ஆரம்பித்த தேடல்தான் இந்தக் கட்டுரை.

எலன் சொன்ன யோசனை

பேட்டர்ன் என்றால் என்னவென்று இளைய தலைமுறைக்கு இரண்டு வரி. நம் ஊரில் டெய்லரிடம் போகும்போது அளவு ப்ளவுஸ் ஒன்றைக் கையோடு கொண்டுபோகிறோம் அல்லவா? அந்த அளவு ப்ளவுஸையே துண்டு துண்டாகக் காகிதத்தில் வரைந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம், பின்பக்கம், கை, காலர், பட்டி என்று ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு காகிதம். துணியின் மேல் குண்டூசியால் குத்தி, ஓரத்தோடு வெட்டி, சொன்ன வரிசையில் சேர்த்துத் தைத்தால் உடுப்பு தயார். டெய்லர் வேண்டியதில்லை.

அமெரிக்காவில் இது வியாபாரமான கதை ஒரு வீட்டு மேஜையில் தொடங்குகிறது. மசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்டெர்லிங் என்ற சிற்றூர். அங்கே எபனேசர் பட்டரிக் என்ற டெய்லர். 1863-ல் அவர் மனைவி எலன் குழந்தைக்குக் கட்டம் போட்ட துணியில் சட்டை தைத்துக்கொண்டிருந்தபோது, "பேட்டர்ன் எல்லாம் ஒரே சைஸில்தான் வருகிறது, பிள்ளைக்கு ஏற்றபடி வெவ்வேறு சைஸில் கிடைத்தால் எவ்வளவு சௌகரியம்" என்ற அர்த்தத்தில் சொன்னதாக அந்தக் கம்பெனியின் வரலாறு கூறுகிறது. பட்டரிக் அதைப் பிடித்துக்கொண்டார். முதலில் கெட்டிக் காகிதத்தில் செய்தார். மடித்து அனுப்ப வசதியில்லை என்று மெல்லிய டிஷ்யூ காகிதத்துக்கு மாறினார். கொஞ்ச காலத்தில் நியூயார்க்குக்கே கடையை மாற்றிவிட்டார். 1876-க்குள் அமெரிக்கா, கனடா முழுவதும் அவருக்கு நூறு கிளைகளும் ஆயிரம் ஏஜென்சிகளும் இருந்தன. எங்கள் வங்கிக்கு அந்த எண்ணிக்கையை எட்ட எத்தனை வருடம் ஆனது என்று நினைத்துப் பார்த்தேன்!

யோசனை எலனுடையது. கம்பெனிக்கு வந்த பெயர் எபனேசர் பட்டரிக். இதை இப்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதை நெடுக இதேதான் திரும்பத் திரும்ப வரும்.

ஆரம்ப காலப் பேட்டர்னில் ஒரு எழுத்துகூட இருக்காது. வெறும் வெள்ளைக் காகிதம், அதில் சிறிதும் பெரிதுமாக ஓட்டைகள், ஓரத்தில் சின்னச் சின்ன வெட்டுகள். ஓட்டைகளின் அளவையும் வரிசையையும் வைத்து எது துணியின் நேர் இழை, எது மடிப்பு, எங்கே டார்ட் பிடிக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு சங்கேதம். 1919-ல் பட்டரிக் கம்பெனி 'டெல்டார்' என்ற பெயரில் படம் போட்ட விளக்கத்தாளை உறைக்குள் வைத்தது. 1920-களின் தொடக்கத்தில் மெக்கால் கம்பெனி கோடுகளையும் குறிப்புகளையும் காகிதத்திலேயே அச்சிட்டது. அதற்குக் காப்புரிமையும் வைத்திருந்ததால் மற்றவர்கள் ரொம்ப நாள் ஓட்டைகளோடுதான் காலம் தள்ளினார்கள். ஓட்டைகளைப் பார்த்தே ஒரு கோட்டைத் தைத்து முடித்த பெண்களை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

பெருவிரல் ரேகை

இனி பாரிஸுக்குப் போவோம். அங்குள்ள பெரிய தையல் மாளிகைகள் வருடத்துக்கு இரண்டு முறை புது வடிவங்களைக் காட்டும். பணக்கார வாடிக்கையாளர்கள் அளவு கொடுத்துத் தைத்துக்கொள்வார்கள். வெளிநாட்டுக் கடைக்காரர்களும் வருவார்கள். அவர்கள் உள்ளே நுழையவே முன்பணம் கட்ட வேண்டும். பிடித்த மாதிரியை விலைக்கு வாங்கிப் போய்த் தங்கள் ஊரில் முறைப்படி நகல் செய்து விற்கலாம்.

முறைப்படி என்றேன். முறையில்லாமலும் நடந்தது. காட்சியைப் பார்த்து மனதில் பதிய வைத்துக்கொண்டு, வெளியே வந்ததும் படம் வரைந்து விற்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். எலிசபெத் ஹாஸ் என்ற அமெரிக்கப் பெண் 1920-களில் பாரிஸில் இந்த வேலையைச் செய்தவர். பின்னாளில் சொந்தமாக வடிவமைப்பாளர் ஆகி, 1938-ல் வெளியிட்ட தன் புத்தகத்தில் அந்தத் தில்லுமுல்லுகளை எல்லாம் தானே போட்டு உடைத்தார்.

இந்த நகல் தொல்லை தாங்காமல் மதலேன் வியோனே என்ற அம்மையார் என்ன செய்தார் தெரியுமா? தன் மாளிகையில் தைத்த ஒவ்வொரு உடுப்பின் லேபிளிலும் கையெழுத்தோடு தன் பெருவிரல் ரேகையையும் பதித்தார். இதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். கவுன்டரில் எத்தனை ஆயிரம் பேருக்கு ஸ்டாம்ப் பேடில் விரலைத் தோய்த்து ரேகை எடுத்திருப்பேன்! கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் என்று நாம் ஒரு மாதிரிப் பார்ப்போம். பாரிஸில் ஒரு மகாராணி மாதிரி இருந்தவர், "இது நான் செய்தது" என்று சொல்ல அதே ரேகையைத்தான் நம்பினார்.

1947 பிப்ரவரியில் கிறிஸ்டியன் தியோர் தன் முதல் காட்சியில் இறுக்கிய இடுப்பும் விரிந்த பாவாடையுமாக ஒரு வடிவத்தைக் காட்டினார். போர்க்காலத்தில் துணிக்குக் கட்டுப்பாடுகளோடு வாழ்ந்து அலுத்திருந்த உலகம் அதைப் பார்த்துக் கிறங்கிப் போனது. அமெரிக்கப் பெண்களுக்கும் பாரிஸ் வேண்டும். ஆனால் பாரிஸ் விலையை யாரால் கொடுக்க முடியும்?

வோக் பத்திரிகைக்கு ஏற்கெனவே பேட்டர்ன் வியாபாரம் இருந்தது. 1899-ல் கூப்பனை வெட்டி 50 சென்டோடு அனுப்பினால் பேட்டர்ன் வரும் என்று ஆரம்பித்தவர்கள். 1949-ல் அவர்கள் பாரிஸ் மாளிகைகளோடு ஒப்பந்தம் போட்டு, 'பாரிஸ் ஒரிஜினல்' என்ற வரிசையைக் கொண்டுவந்தார்கள். பால்மேன், ஃபாத், ஸ்கியாபரெல்லி போன்ற பெரிய பெயர்கள் முதல் அணியில் இருந்தன. பாரிஸில் காட்டிய அதே உடுப்பின் பேட்டர்ன், உரிய அனுமதியோடு. சாதாரணப் பேட்டர்ன் சில்லறைக் காசுக்குக் கிடைத்த காலத்தில் இதற்கு இரண்டு மூன்று டாலர் விலை வைத்தார்கள்.

காமர்ஸ் படித்தவளாக ஒரு வார்த்தை சொல்கிறேன். பாரிஸ் மாளிகையில் ஒரு கோட்டுக்குத் துணிச் செலவு, கூலிச் செலவு எல்லாம் ஒவ்வொரு தடவையும் உண்டு. பேட்டர்னில் அப்படியில்லை. மூலப்படியைத் தயாரிக்கும் செலவு ஒரே முறைதான். அதன் பிறகு காகிதமும் அச்சும் உறையும் அற்பக் காசு. துணி, நூல், பட்டன், மிஷின், மின்சாரம், கண், முதுகு எல்லாம் வாங்குகிறவருடையது! எத்தனை ஆயிரம் விற்றாலும் கம்பெனிக்குக் கூலி என்ற செலவுக் கணக்கே கிடையாது. அந்தக் கூலி யார் கணக்கில் எழுதப்பட்டது? எந்தக் கணக்கிலும் இல்லை.

உறைக்குள் இன்னொரு சிறு பொருளும் இருக்கும். நெய்த துணி லேபிள். 'வோக் பாரிஸ் ஒரிஜினல்' என்று போட்டு, பெரும்பாலும் வடிவமைத்தவர் பெயரும் இருக்கும். வீட்டில் தைத்து முடித்ததும் கழுத்துக்கு உட்பக்கம் வைத்துத் தைத்துக்கொள்ளலாம். ஒரு மாதம் உட்கார்ந்து தானே வெட்டி, தானே தைத்து, கடைசியில் இன்னொருவர் பெயரைத் தன் கையாலேயே அதில் தைத்து வைக்க வேண்டும்.

கோடும் தையலும்

இந்த வரிசையில் மிகப் பிரபலமான ஒன்றைச் சொல்கிறேன். 1965-ல் இவ் சேன் லோரான், ஹாலந்து ஓவியர் பீட் மோன்ட்ரியனின் ஓவியங்களைப் பார்த்து ஒரு கவுன் வரிசை செய்தார். வெள்ளைப் பரப்பு, கறுப்புக் கோடுகள், அங்கங்கே சிவப்பு, நீலம், மஞ்சள் கட்டங்கள். ஓவியர் காலமாகி அப்போதே 21 வருடம் ஆகியிருந்தது. அந்தக் கவுனின் அதிகாரபூர்வ வீட்டுப் பேட்டர்ன் வோக் எண் 1557.

பார்ப்பதற்குச் சாக்கு மாதிரி நேராகத் தொங்கும் எளிய கவுன். ஆனால் நம்மில் தையல் தெரிந்தவர்களுக்கு அதன் சூட்சுமம் புரியும். அந்தக் கறுப்புக் கோடுகள் அச்சடித்தவை அல்ல. ஒவ்வொரு கட்டமும் தனித்தனிக் கம்பளி ஜெர்சித் துண்டு, ஒவ்வொரு கோடும் இடையில் வைத்துத் தைத்த பட்டி. உடம்பின் வளைவுக்கு வேண்டிய டார்ட்டை எல்லாம் அந்தக் கோடுகளின் தையலுக்குள்ளேயே ஒளித்துவிட்டார்கள். ஒரு கோடு நூலளவு பிசகினால் ஓவியமே கோணலாகிவிடும். மூல உடுப்புகள் இன்று லண்டன், நியூயார்க் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. 1557-ஐ வாங்கி வீட்டில் தைத்தவர்கள் செய்ததும் அதே நேர்க்கோட்டு வேலைதான்.

லண்டனும் சும்மா இருக்கவில்லை. குட்டைப் பாவாடைப் புகழ் மேரி குவாண்ட் 1964 முதல் பட்டரிக் கம்பெனிக்குப் பேட்டர்ன் வடிவமைத்தார். அவற்றில் சில 70,000 பிரதிகளுக்கு மேல் விற்றன. 1967-ல் வோக் நிறுவனம் அமெரிக்க வடிவமைப்பாளர்களுக்கும் தனி வரிசை தொடங்கியது. கடைகளில் பேட்டர்ன் கவுன்டர் என்றே தனியாக உண்டு. கனமான கேட்டலாக்கை விரித்து, முக்காலியில் உட்கார்ந்து பார்த்து, எண்ணைச் சொன்னால் ஊழியர் டிராயரிலிருந்து உறையை எடுத்துத் தருவார். கேட்டலாக்கில் எந்த முகம் பிடித்ததோ அதில்தான் விரல் நிற்கும். அந்த முகங்களைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும்.

யார் அந்தப் பெண்கள்?

பேட்டர்ன் உறைகளில் ஆதியில் ஓவியம்தான். பாரிஸ் ஒரிஜினல் வரிசையில் புகைப்படங்கள் சேர்ந்தன. 1960-களின் நடுவில் வண்ணப் படங்கள் வந்துவிட்டன. படத்தில் நிற்பவர்கள் பலர் அந்தக் காலத்தின் முதல் வரிசை மாடல்கள்.

ஓவியத்தில் இடுப்பைப் பென்சில் முனையளவுக்கு வரைந்துவிடலாம். புகைப்படத்தில் நிஜமான உடம்பில், நிஜமான துணி விழுகிற விதம் தெரியும். "இது தைக்கக்கூடியதுதான், மனுஷி போடக்கூடியதுதான்" என்ற நம்பிக்கை அந்தப் பெண் நிற்கிற நிலையிலிருந்துதான் வரும். நம் பாஷையில் சொன்னால், கடனுக்கு அவள்தான் ஜாமீன். ஆனால் ஜாமீன்தாரர் கையெழுத்துப் பத்திரத்திலேயே இல்லை.

இதற்கு அழகான விதிவிலக்கு ஒன்று உண்டு. பிரான்ஸில் ரயில்வே தொழிலாளி ஒருவரின் மகள் சிமோன் போடின். வடிவமைப்பாளர் ஜாக் ஃபாத்திடம் வேலைக்கு வந்தார். "ஏற்கெனவே ஒரு சிமோன் இங்கே இருக்கிறாள், நீ இனி பெட்டினா" என்று அவர் பெயரை மாற்றிவிட்டார். 1952-ல் ஜிவான்ஷி என்ற இளைஞர் சொந்த மாளிகை தொடங்கியபோது பெட்டினா அவருக்குப் பக்கபலமாக நின்றார். கையில் அதிகப் பணமில்லாததால் ஜிவான்ஷி பட்டை விட்டுவிட்டு, சாதாரண வெள்ளைச் சட்டைத் துணியில், கைகளில் அடுக்கடுக்கான சுருக்கம் வைத்து ஒரு ப்ளவுஸ் தைத்தார். அதற்கு 'பெட்டினா ப்ளவுஸ்' என்றே பெயர் வைத்தார். அது ஊரெல்லாம் பரவியது. அணிந்த பெண்ணின் பெயரே உடுப்புக்குக் கிடைத்த அபூர்வ சம்பவம். அதுவும் அவள் பெற்றோர் வைத்த பெயர் அல்ல!

அமெரிக்காவுக்கு வருவோம். லாரன் ஹட்டன், கேரன் பியோர்ன்சன், ஜெரி ஹால் ஆகியோரின் முகங்கள் வோக் பேட்டர்ன் உறைகளில் உண்டு. லாரன் ஹட்டனுக்கு முன்பற்களுக்கு நடுவே இடைவெளி. அதை மறைக்கச் சொல்லிப் பலர் வற்புறுத்தியும் அதையே தன் அடையாளமாக்கிக்கொண்டவர். 1973-ல் ரெவ்லான் அழகுசாதனக் கம்பெனியோடு பெரிய ஒப்பந்தம் போட்டு, மாடல் என்றால் தினக்கூலி என்றிருந்த நிலையையே மாற்றினார். கேரன் பியோர்ன்சன் ஒஹையோ மாநிலத்துச் சின்சினாட்டி ஊர்ப் பெண். வடிவமைப்பாளர் ஹால்ஸ்டனின் ஆஸ்தான மாடல். அவர் உடுப்புகளை வெட்டிப் பொருத்திப் பார்த்ததே இவர் மேல்தான்.

ஜெரி ஹாலின் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. டெக்சாஸில் எளிய குடும்பம். பதினாறு வயதில் ஒரு விபத்துக்குக் கிடைத்த இன்சூரன்ஸ் பணத்தில் டிக்கெட் வாங்கிக்கொண்டு தனியாக பிரான்ஸ் போய்விட்டார். பெட்டியில் இருந்தவை அம்மா வீட்டு மிஷினில் தைத்துக் கொடுத்த உடுப்புகள். கடற்கரையில் ஒரு ஏஜென்ட் கண்ணில் பட்டார். சில வருடங்களில் அவர் முகமே, மற்ற அம்மாக்கள் தைப்பதற்காக வாங்கும் பேட்டர்ன் உறைகளின் மேல் வந்தது. இந்த வட்டத்தை நினைத்துப் பாருங்கள்.

1973 நவம்பர் 28 அன்று வெர்சாய் அரண்மனையில் ஐந்து பிரெஞ்சு வடிவமைப்பாளர்களும் ஐந்து அமெரிக்க வடிவமைப்பாளர்களும் ஒரே மேடையில் காட்சி நடத்தினார்கள். பிரெஞ்சு அணியில் இவ் சேன் லோரான், ஜிவான்ஷி. அமெரிக்க அணியில் ஹால்ஸ்டன், பில் பிளாஸ், ஆஸ்கர் டி லா ரென்டா. பிரெஞ்சுக்காரர்கள் பெரிய பெரிய செட்டுகள் போட்டிருந்தார்கள். அமெரிக்கர்களிடம் மேடையில் அநேகமாக ஒன்றுமில்லை. ஆனால் பாட் கிளீவ்லாண்ட், பில்லி பிளேர், ஆல்வா சின் போன்ற கறுப்பினப் பெண்கள் பலர் அவர்கள் அணியில் இருந்தார்கள். அவர்கள் நடந்த நடையில் அரங்கமே எழுந்துவிட்டது. வெற்றி அமெரிக்காவுக்கு என்று பத்திரிகைகள் எழுதின. ஒரு துணிக்கு உயிர் கொடுப்பது அதை அணிந்தவரும்தான் என்பது அன்று ஊரறிய நிரூபணமானது. ஆனாலும் பேட்டர்ன் உறையின் பின்பக்கத்தில் பட்டன் அளவுக்கு இருந்த இடம்கூட அவர்கள் பெயருக்குக் கிடைக்கவில்லை.

இன்று பழைய பேட்டர்ன்களைச் சேகரிப்பவர்கள் அந்தப் பெண்களின் பெயர்களைத் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். எப்படி என்றால், உறையில் உள்ள முகத்தை அந்தக் காலத்து விளம்பரங்களோடும் பத்திரிகை அட்டைகளோடும் வைத்துப் பார்க்கிறார்கள். தலை அலங்காரமும் பொட்டும் மையும் மாறிவிடும். தாடை மாறாது. காது மாறாது. பற்களின் இடைவெளி மாறாது. இதைப் படித்தபோது சிரித்துக்கொண்டேன். வங்கியில் நான் செய்த வேலையே இதுதான்! செக் வந்தால் ஸ்பெசிமன் கையெழுத்து அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைப்போம். வயதானால் கை நடுங்கும், அவசரத்தில் எழுத்து சாயும். ஆனால் எழுத்தைத் தொடங்குகிற இடமும் முடிக்கிற சுழியும் அநேகமாக மாறாது. ஆளை அங்கேதான் பிடிப்போம்.

பெட்டியில் மிஞ்சிய லேபிள்

என் ஒரு டாலர் உறைக்கு வருகிறேன். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தேன். காகிதத் துண்டுகள் எல்லாம் ஓரத்தோடு கச்சிதமாக வெட்டி, திரும்ப மடித்து வைத்திருந்தன. குண்டூசித் துளைகள் இருந்தன. ஒரு துண்டில் பென்சிலால், தோளில் கால் அங்குலம் குறைக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. ஆக, அந்த மூதாட்டி இந்தக் கோட்டைத் தைத்திருக்கிறார். உறையின் அடியில் அந்த நெய்த லேபிள் அப்படியே கிடந்தது. அதை அவர் தைக்கவில்லை.

மறந்துவிட்டாரா, வேண்டாமென்று விட்டாரா? கேட்க ஆளில்லை. ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் என் அம்மா.

அம்மா எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு ப்ளவுஸ் தைத்துக் கொடுத்தவர். கை மிஷின். பேட்டர்ன் எல்லாம் பழைய தினசரித் தாளில்தான். ஒரு தடவை ஆளைப் பார்த்தால் அளவு மனதில் நின்றுவிடும். 1978-ல் மதுரையில் நான் பி.காம். படித்தபோது, ஒரு சினிமா நடிகை போட்டிருந்த மாதிரி பஃப் கை வைத்து எனக்கு ஒரு ப்ளவுஸ் தைத்துக் கொடுத்தார். வகுப்பில் எல்லோரும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். "எங்கடி தைச்ச?" என்று கேட்டார்கள். டவுனில் ஒரு பெரிய லேடீஸ் டெய்லரிடம் என்று சொல்லிவிட்டேன். அம்மா தைத்தது என்று சொல்ல ஏனோ வாய் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு தோழி வீட்டுக்கு வந்து நின்றாள். கையில் துணி. "அந்த டெய்லர் கடை எங்கடி இருக்கு?" என்று கேட்டாள். அம்மா கூடத்தில் மிஷினில் உட்கார்ந்திருந்தார். நான் விழித்தேன். மிஷின் சக்கரம் ஒரு நொடி நின்றது. பிறகு அம்மாவே சொன்னார்: "அந்த டெய்லர் ஊருக்குப் போயிருக்கார் கண்ணு. வர நாளாகும். அவசரம்னா துணியைக் குடுத்துட்டுப் போ, எனக்குத் தெரிஞ்ச மாதிரி தைச்சுத் தரேன்."

சக்கரம் மறுபடி சுற்ற ஆரம்பித்தது. தோழியின் ப்ளவுஸ் புதன்கிழமை தயாராகிவிட்டது. அதைப் பற்றி அம்மா அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. 2009-ல் அம்மா போய்விட்டார். அவர் தைத்ததில் ஒரு தலையணை உறைதான் என்னிடம் மிச்சம். அதில் எந்த லேபிளும் இல்லை.

நியூஜெர்சி மூதாட்டி நினா ரிச்சி என்ற பெயரையே தன் கோட்டில் தைக்காமல் விட்டார். நானோ இல்லாத ஒரு டெய்லரின் பெயரை என் அம்மாவின் வேலை மேல் ஒட்டினேன்.

எஞ்சியவை

பிறகு ரெடிமேட் உடுப்புகள் மலிந்தன. பெண்கள் வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். வீட்டில் உட்கார்ந்து தைக்க நேரமும் குறைந்தது, அவசியமும் குறைந்தது. பேட்டர்ன் கம்பெனிகள் ஒன்றையொன்று வாங்கின. 2017 முடிவதற்குள் பட்டரிக், வோக், மெக்கால், சிம்ப்ளிசிட்டி நான்கும் ஒரே நிறுவனத்தின் கைக்கு வந்துவிட்டன. வங்கி இணைப்புகளைப் பார்த்த நமக்கு இது புதிதல்ல.

டிஷ்யூ காகிதம் எத்தனை நாள் தாங்கும்? உபயோகித்தால் கிழியும், இல்லாவிட்டால் குப்பைக்குப் போகும். நல்லவேளையாக, ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறைப் பேராசிரியையாக இருந்த ஜாய் ஸ்பானபெல் எமரி இதற்காக ஓர் ஆவணக் காப்பகத்தை வளர்த்தார். நாடகங்களுக்கு உடை அமைத்து வந்த பெட்டி வில்லியம்ஸ் சேர்த்து வைத்திருந்த பேட்டர்ன்களும் அங்கே போய்ச் சேர்ந்தன. பல்லாயிரக்கணக்கான பேட்டர்ன்கள் அங்கே எண்ணிட்டு, ஆண்டு குறித்துப் பாதுகாக்கப்படுகின்றன. ராஜாக்களின் உடை எப்படியும் அருங்காட்சியகத்துக்குப் போய்விடும். சாதாரண வீட்டுப் பெண் என்ன உடுத்தினாள், அதை எப்படித் தைத்தாள் என்பதற்கு இந்தக் காகிதங்கள்தான் சாட்சி.

படிக்கிற உங்களிடம் ஒரு சின்ன வேண்டுகோள். உங்கள் பரணில் அம்மாவோ மாமியாரோ அத்தையோ தைத்த ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும். குழந்தைச் சட்டை, மேஜை விரிப்பு, எம்பிராய்டரி செய்த கைக்குட்டை, எதுவானாலும் சரி. எடுத்து வெயிலில் காட்டுங்கள். ஒரு துண்டு நாடாவில் அவர் பெயரையும், தெரிந்தால் வருடத்தையும் எழுதி உட்பக்கமாகத் தைத்து வையுங்கள். நாற்பது வருடம் கழித்து ஒரு பேத்தி கேட்கும்போது பதில் இருக்கட்டும். நம் குடியிருப்பில் தையல் மிஷின் வைத்திருப்பவர்கள் ஒரு சனிக்கிழமை மாலை கம்யூனிட்டி ஹாலில் கூடலாம் என்று செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். தைக்கத் தெரியாதவர்களும் வரலாம். நாடா என் செலவு.

நான் ஊருக்குக் கிளம்பும்போது பேத்தி அந்த உறைக்குள் ஒரு மஞ்சள் சீட்டு எழுதிப் போட்டாள். 'ஆன்ட்டி பெயர்' என்று எழுதி, எதிரே ஒரு கோடு போட்டு, இடம் விட்டிருந்தாள். இங்கே வந்ததும் நான் செய்த முதல் வேலை, அந்தத் தலையணை உறையைத் திருப்பி, உள் ஓரத்தில் அம்மாவின் பெயரைத் தைத்தது. கை நடுங்கியதால் எழுத்துகள் கொஞ்சம் கோணலாகத்தான் வந்தன. அம்மா பார்த்திருந்தால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கச் சொல்லியிருப்பார்.